கடைசி பெஞ்சு, இடது ஓரம்

ஜூன் 4, ஞாயிறு

இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆலயத்தில் மூன்றாம் வரிசையில், தூணை ஒட்டிய இடத்தில் உட்கார்ந்துவந்த நான், இன்று காலை எட்டு ஐம்பதுக்கு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழுச் சுயநினைவோடு, கடைசி வரிசைக்குக் குடிபெயர்ந்தேன். வரலாற்றாசிரியர்கள் இதைத் தவறவிடக்கூடும் என்பதால் நானே குறித்துவைக்கிறேன்.

மூன்றாம் வரிசையிலிருந்து வாசலுக்கு முப்பத்தொரு அடி. அந்தத் தூரத்துக்குள் சராசரியாக ஒன்பது பேர் "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். "அப்படியேதான் இருக்கா" என்கிறேன். தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ஜெபிக்கிறோம்" என்கிறார்கள். ஜெபிக்கிறார்கள்தான், சந்தேகமில்லை. பதினான்கு மாதமாக ஜெபிக்கிறார்கள். பலனை மேலே சொல்லிவிட்டேன்: அப்படியேதான்.

கடைசி வரிசையிலிருந்து வாசலுக்கு நான்கே அடி.

புது இடத்தில் என் பக்கத்தில் ஒரு தச்சர். பிரசங்கம் தொடங்கிய இரண்டாம் நிமிடம் தூங்கிவிடுகிறார். அவருக்கு அடுத்து ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர். சபை முழுக்க அவரை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுகிறது. கடைசிப் பாட்டுக்குத் தச்சரை முழங்கையால் இடித்து எழுப்புவது அவர் ஊழியம். என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, பின்னாடி வந்துட்டீங்க?"

"சும்மாதான்."

"இங்க நல்லாருக்கும். ஃபேன் நேரா அடிக்கும்."

அவ்வளவுதான். தலையைச் சாய்க்கவில்லை. ஐம்பத்தேழு வயதில் ஒருவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதையும் குறித்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "ஸ்தோத்திரம்" என்றாள்.

இதற்கு விளக்கம் தேவை; பின்னால் ஒருநாள் நானே மறந்துவிடலாம். போன வருடம் ஏப்ரலில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. அப்படி ஆவதுண்டாம். வாயில் அதிகம் புழங்கிய சொல் எப்படியோ தப்பித்துவிடும் என்றார் டாக்டர். சிலருக்குக் கெட்ட வார்த்தை மிஞ்சுமாம். என் மனைவிக்கு ஆண்டவரைத் துதிக்கிற சொல் மிஞ்சியது. தண்ணீருக்கும் அதுதான், பெட்பேனுக்கும் அதுதான், என் சமையல் பற்றிய விமர்சனத்துக்கும் அதுதான். இந்த வீட்டில் கடவுள் நாளொன்றுக்கு அறுபது எழுபது முறை துதிக்கப்படுகிறார். அவற்றில் பாதி தலையணை சம்பந்தப்பட்டவை.

எனக்கும் அவருக்கும் இடையில் இப்போது பேச்சுவார்த்தை இல்லை. ஞாயிறு தோறும் நான் ஆலயத்துக்குப் போவது, போகாவிட்டால் அவள் வாய் திறந்து சாப்பிட மாட்டாள் என்பதால்.

ஜூன் 6, செவ்வாய்

மார்க்கெட்டில் பத்தொன்பது தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தேன். ஒரு கடையில் தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியிருந்தது.

"அது எப்படி சார் அங்க போச்சு? எனக்கே ஆச்சரியமா இருக்கு!"

"எனக்கு இல்லை" என்றேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சோதனை முறையைக் காட்டினேன். எடைக்கல்லை வை, எடு, மறுபடி வை. பத்து முறை. முதல் முறை எல்லாத் தராசும் யோக்கியமாகத்தான் காட்டும். பத்தாவது முறையும் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. எடையளவு ஆய்வாளராக இருபத்தொன்பது வருடமாக இதைத்தான் செய்கிறேன். மனிதர்களை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற உத்தியோகம் வேறு எங்கே கிடைக்கும்?

மாலை ஆறு மணிக்கு வீடு. அவளைப் புரட்டிப் படுக்கவைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கிறேன்.

ஜூன் 11, ஞாயிறு

பிரசங்கம் சந்தோஷத்தைப் பற்றி. போதகருக்கு முப்பத்திரண்டு வயது, நல்ல பையன், மைக்கை விழுங்கிவிடுவார் போலப் பேசுவார். "நிலையான சந்தோஷம் உள்ளவங்க எல்லாரும் கையத் தூக்குங்க!" எல்லாரும் தூக்கினார்கள். தச்சர் தூக்கத்திலேயே தூக்கினார். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிகிற நேரத்தில் ஓர் அட்டையில் செருகிய தாள் முன்வரிசையிலிருந்து கை மாறிக் கை மாறிப் பின்னால் வந்தது. வரிசையாகப் பலர் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சபைப் பத்திரிகை அனுப்ப முகவரி சரிபார்க்கிறார்கள் போலிருக்கிறது. படிக்கும் கண்ணாடி வீட்டில் அவள் கட்டிலோரம் இருந்தது. எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு முதல் ஆளாக வெளியே வந்தேன். நான்கே அடி. எவரும் எதுவும் கேட்கவில்லை. குடிபெயர்வு மாபெரும் வெற்றி.

வீட்டில் வழக்கம்போல அவளுக்கு அறிக்கை கொடுத்தேன்.

"இன்னைக்கு சந்தோஷத்தைப் பத்தி."

ஸ்தோத்திரம் என்று சிரித்தாள். முகத்தின் இடது பாதி மட்டும்தான் சிரிக்கும். முழு முகமும் வேலை செய்கிற எனக்கு அந்தப் பாதியளவுகூட வருவதில்லை. என்ன இருக்கிறது இவளுக்குச் சிரிக்க? ஜன்னல், ஒரு ரப்பர் விரிப்பு, நான். மூன்றில் எதுவும் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இல்லையே.

சில நாட்களில் அந்தச் சிரிப்பு எனக்கு எரிச்சலாக இருக்கிறது. எழுதிவிட்டேன், எழுதியதை அழிக்கப்போவதில்லை.

ஜூன் 13, செவ்வாய்

அவளைப் பகலில் பார்த்துக்கொள்கிற அம்மா, நான் பகல்காரம்மா என்று சொல்கிறவர், காலையில் நான் செருப்புப் போடும்போது சொன்னார்.

"சார், பொண்ணுக்குப் பிரசவ மாசம் வரப்போகுது. அடுத்த மாசம் பதினஞ்சோட நான் நின்னுக்கறேன்."

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். அப்படித்தானே சொல்ல வேண்டும்.

"வேற ஆள் தேடுங்க சார். அம்மா பாவம், தொந்தரவே இல்ல. திட்டினாக்கூட ஸ்தோத்திரம்தான் சொல்றாங்க."

"நீங்க திட்டுவீங்களா?"

"நீங்க திட்ட மாட்டீங்களா?"

இரண்டாவது செருப்பையும் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஜூன் 15, வியாழன்

மகள் போன் செய்தாள். ரயிலில் ஒரு பகல் தொலைவில் இருக்கிறாள். என் மூளை, அவள் அம்மாவின் பிடிவாதம், மோசமான கலவை.

"அப்பா, நான் ஒரு இல்லம் பார்த்துவெச்சிருக்கேன். இங்கதான், என் வீட்டுப் பக்கத்துல. நல்ல இடம், நானே போய்ப் பார்த்தேன். ஜூலை பத்து வரைக்கும் ஒரு படுக்கைய நிறுத்திவெச்சிருக்காங்க."

"யோசிக்கிறேன்."

"பதினாலு மாசமா யோசிக்கிறீங்க. உங்க குரலைக் கேட்டீங்களாப்பா? பேசும்போதே தூங்கறீங்க."

அது உண்மை. இருவருக்கும் நல்லதைத்தான் சொல்கிறாள். நான் இங்கே வேலையில் இருப்பேன், அவள் அம்மா அங்கே இருப்பாள். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். மாதம் ஒருமுறை.

ஜூன் 16, வெள்ளி

இரண்டு ஆட்களை விசாரித்தேன். ஒருவர் கட்டிலைப் பார்த்ததும் யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் யோசிக்கவே இல்லை.

ஜூன் 24, சனி

இல்லத்தின் படிவம் வந்தது. நான்கு பக்கம். எடை, ரத்த அழுத்தம், மருந்துகள், தூக்கம். மூன்றாம் பக்கத்தில் "விருப்பமான பொழுதுபோக்கு" என்று ஒரு கட்டம். இல்லை என்று எழுதினேன். பிறகு அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தொன்பது வருடம் சபையில் பெண்கள் பாடற்குழுவை நடத்தியவள். சமைக்கும்போது, துவைக்கும்போது, என்னோடு சண்டை போட்ட பிறகு, எப்போதும் ஒரு பாட்டு ஓடும். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்து வந்த வாரம் பாட்டுப் புத்தகத்தை அலமாரி மேல் வைத்தேன். ரேடியோவைப் பக்கத்து அறைக்கு மாற்றி, பிறகு பிளக்கையும் பிடுங்கினேன். பேச முடியாதவள் முன்னால் பாட்டா? சபையார் பார்க்க வந்தபோதும் வாசலிலேயே சொல்லிவைத்தேன், பாட வேண்டாம், ஜெபம் மட்டும் போதும், அவளுக்குத் தாங்காது என்று. பிறகு அவர்களும் வருவது குறைந்தது. பதினான்கு மாதமாக இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கிடையாது. அவள் மனம் நோகக்கூடாது என்பதில் நான் மிகக் கவனமாக இருந்திருக்கிறேன்.

கடைசிப் பக்கத்தில் நோயாளியின் சம்மதம், கையொப்பம் அல்லது ரேகை. அதை விட்டுவைத்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

பேரிடி. அறிவிப்புகளை வாசிக்கும்போது போதகர் சொன்னார்: "வர்ற வியாழன் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு நன்றிக் கூட்டம், நம்ம எடைக்கல் சார் வீட்ல. எல்லாரும் வாங்க!"

எடைக்கல் சார் நான்தான்.

சபையில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால், கல்யாணம், பிள்ளை பாஸானது, ஆபரேஷன் தேறியது, அந்தக் குடும்பம் ஒரு தாளில் பெயர் கொடுக்கும். வியாழன் மாலை சபையார் அந்த வீட்டில் கூடுவார்கள். வீட்டுக்காரர் எழுந்து நின்று எதற்காக நன்றி சொல்கிறார் என்று முதலில் சொல்ல வேண்டும். அவர் சொன்ன பிறகுதான் முதல் பாட்டு. சொல்லாவிட்டால் பாட்டு கிடையாது, உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு நான் கையெழுத்திட்ட தாள் அதுதான்.

படிக்காமல் கையெழுத்துப் போடுகிற கடைக்காரர்களுக்கு நான் வாரம் ஒரு சொற்பொழிவு ஆற்றுவதுண்டு.

முடிந்ததும் போதகரைப் பிடித்தேன்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. நன்றி சொல்ற மாதிரி எங்க வீட்ல ஒண்ணும் இல்ல. பெயரை எடுத்துடுங்க."

தாளைப் புரட்டிப் பார்த்தார். "உங்க கையெழுத்துதானே பிரதர்?"

"என்னுதுதான்."

"அச்சுக்கும் போயிடுச்சே…" என்று சபைச் செய்தித்தாளைக் காட்டினார். பின்னால் ஊசியக்கா நின்றிருந்தார். "டீ மட்டும் போடுங்க தம்பி, பிஸ்கட் நான் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

ஜூலை 3, திங்கள்

மகள் மறுபடி போன். படிவம் பத்தாம் தேதிக்குள் அங்கே இருக்க வேண்டும்.

மாலை கட்டிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். பகல்காரம்மா போவது, இல்லம், மகள் வீடு பக்கம். ஆபீஸ் குறிப்பு வாசிப்பதுபோல வாசித்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், படிவத்தை அல்ல. பிறகு இடது கையை நீட்டினாள், பேனாவுக்காக.

கொடுத்தேன். இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள். நாலு நிமிடம் ஆயிற்று. பேனாவை என் சட்டைப் பையில் அவளே செருகிவிட்டு, கன்னத்தில் தட்டினாள். போ, போய்த் தூங்கு என்பது மாதிரி.

என் அசதியைப் பார்த்துப் போட்ட கையெழுத்து அது. அவள் விருப்பம் அதில் எங்கும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வாளர் வேண்டியதில்லை.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. உறையில் போடவில்லை. வியாழன் கழியட்டும்.

ஜூலை 7, வெள்ளி, காலை

ஒழுங்காக, வரிசையாக எழுத வேண்டும். ஆபீசுக்கு ஒரு மணி நேரம் தாமதம் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று ஐந்தரைக்கு பதினோரு பேர் வந்தார்கள். வாசலில் உட்கார இடமில்லாமல் ஒவ்வொருவரும் ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்று, அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பையும் ஷூவையும் கழற்றினார்கள். "உட்கார்ந்து கழட்ட ஒரு பலகைகூட இல்லையா சார்?" என்று தச்சர் தொழில்முறையில் வருத்தப்பட்டார். அவரை விழித்த நிலையில் இவ்வளவு நேரம் பார்த்தது அப்போதுதான்.

எல்லாரும் அவள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பகல்காரம்மாவும் கிளம்பாமல் கதவோரம் நின்றார், வேடிக்கை பார்க்க. நான் எழுந்து நின்றேன்.

"இது என் தப்பு" என்றேன். "தாளைப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். எல்லாரும் மன்னிக்கணும். டீ தயாரா இருக்கு."

ஒருவரும் அசையவில்லை.

"தப்புன்னே வெச்சுக்குவோம் தம்பி" என்றார் ஊசியக்கா. "வந்தாச்சு. ஏதாவது சொல்லுங்க. சின்னதா இருந்தாலும் பரவால்ல. அப்புறம் நாங்க பாடணும்ல?"

பாட்டு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பதினோரு முகங்கள். அவளும் பார்க்கிறாள். வேறொன்றும் வராமல், ஆபீசில் அறிக்கை சொல்கிற குரலில் வந்தது:

"பதினஞ்சு மாசமா படுத்திருக்கா. இதுவரைக்கும் முதுகுல ஒரு புண் வரல."

அதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்கே சொன்னதில்லை.

ஊசியக்கா எழுந்தார். "ஆம்பளைங்க எல்லாம் வெளிய போங்க" என்றார். ஆண்கள் ஐந்து பேரும் சமையலறைக்குள் நின்றோம். இரண்டு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது.

"ஒண்ணும் இல்ல" என்று சபைக்கு அறிவித்தார். "செவப்புகூட இல்ல. முப்பத்தாறு வருஷம் வார்டுல இருந்தவ சொல்றேன், அஞ்சு நர்ஸ் இருக்கற இடத்துலயே இப்படி இருக்காது. யாரு புரட்டிப் படுக்க வெச்சது?"

"பகல்ல இவங்க. மத்த நேரம் நான்."

"ஆண்டவருக்கு நன்றி" என்று சொல்லிவிட்டு, இடைவெளியே விடாமல், எவர் தொண்டைக்கும் எட்டாத சுருதியில் பாட்டைத் தொடங்கிவிட்டார். நான் கையைக் காட்டி நிறுத்துவதற்குள் எல்லாரும் சேர்ந்துவிட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமின்றி ஜன்னலைப் பார்த்தேன்.

இரண்டாவது அடியில் கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த ஒற்றைச் சொல் அல்ல. பாட்டின் சொற்கள். வரிசையாக, முழுசாக, ஒன்றுவிடாமல். குரல் கரகரப்பாக இருந்தது, சுருதி சரியாக இருந்தது. ஒவ்வொருவராகப் பாடுவதை நிறுத்தினார்கள். அவள் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தினீர்கள் என்று கட்டில் கம்பியை இடது கையால் தட்டினாள், பாடற்குழுவில் தட்டுகிற அதே தட்டு. மறுபடி சேர்ந்துகொண்டார்கள். மூன்றாம் சரணம் புத்தகம் இல்லாமல் எவருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. நான் சும்மா உதட்டை அசைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள். முப்பத்தொரு வருடமாகக் கண்டுபிடிக்கிறாள்.

முடிந்ததும் குனிந்து, "தண்ணி வேணுமா?" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றாள்.

பேச்சு வரவில்லை. வந்துவிடும் என்றும் எவரும் சொல்லவில்லை. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "அதிசயம்" என்றார். "பாட்டு மூளையில வேற பக்கம் இருக்கும் ஐயா, வார்டுல நானே பார்த்திருக்கேன்" என்றார் ஊசியக்கா. கொஞ்சம் கழித்து, "அதனால அதிசயம் இல்லன்னு நான் சொல்லல" என்றார்.

டீ கொண்டுவரச் சமையலறைக்குப் போனேன். டம்ளர்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். சரியாகத் தெரியவில்லை.

பதினைந்து மாதமும் பாட்டெல்லாம் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. அந்தப் பாதிச் சிரிப்புக்கு நான் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். படுத்தபடி உள்ளுக்குள் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வெளியே வர ஒருவர் முதல் அடியை எடுத்துக்கொடுத்தால் போதுமாக இருந்தது. புத்தகத்தை அலமாரி மேல் வைத்தது யார்? பிளக்கைப் பிடுங்கியது யார்? வாசலில் நின்று தடுத்தது யார்? கருணையாம். என் கருணை!

அடுப்பு முன்னால் நின்று, பதினைந்து மாதமாகப் பேசாதிருந்த ஒருவரிடம் "சரி" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் எனக்குள் வந்ததை என்னவென்று எழுதுவது? வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தேன். நிம்மதி, இல்லை. ஆறுதல், போதாது. சந்தோஷம் என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. மைக்கில் சொல்கிறவர்கள் அந்தச் சொல்லை ரொம்பத் தேய்த்துவிட்டார்கள், அதற்காக அந்தச் சொல்லைக் குறை சொல்ல முடியாது.

ஒருமுறை காட்டியிருக்கிறது. முதல் முறை எல்லாத் தராசும் சரியாகத்தான் காட்டும். பார்க்கலாம்.

ஜூலை 8, சனி

மகளிடம் சொன்னேன். அவள் அம்மா பாடுவதைப் போனில் கேட்க வைத்தேன். அழுதாள். மூக்கை உறிஞ்சிவிட்டு, உடனே கேட்டாள்: "அதுக்காக முடிவை மாத்துவீங்களாப்பா? பாட்டு பாடினா ஆச்சா? பதினஞ்சாம் தேதிக்கு மேல யார் பார்த்துக்குவாங்க?"

நியாயமான கேள்வி. பகல்காரம்மாவும் அதையே வேறு மாதிரி கேட்டார்: "பாடிட்டுப் போயிடுவாங்க சார். பெட்பேன் யாரு வைப்பா?"

மாலை ஊசியக்கா வந்தார், தச்சரும் அவர் மனைவியும் கூட. பகல்காரம்மா கேட்டதை அப்படியே சொன்னேன்.

"நல்ல கேள்வி" என்றார் ஊசியக்கா. "திங்களும் புதனும் நான் வைப்பேன். செவ்வாய் இவ. ஏன்டி, வைப்பேல்ல?"

"எங்க மாமியாருக்கு ஆறு வருஷம் வெச்சேன்" என்றார் தச்சர் மனைவி. "அவங்க ஸ்தோத்திரம் எல்லாம் சொல்லல. வேற சொன்னாங்க."

வெள்ளிக்குப் பாடற்குழுவிலிருந்து இருவர் மாறி மாறி. வியாழனை வருடக்கணக்கில் சேர்ந்து கிடக்கும் என் விடுப்பில் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எழுதிவைக்கக் காகிதம் கேட்டார். மேஜைமேல் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தேன். படிவத்தின் கடைசிப் பக்கத்துக்குப் பின்புறம் வெறுமையாகத்தான் இருந்தது.

ஜூலை 10, திங்கள்

படிவம் போய்ச் சேர இன்று கடைசி நாள். சுவரில், புரட்டும் அட்டவணைக்குப் பக்கத்தில், பின்பக்கம் தெரிகிற மாதிரி ஒட்டியிருக்கிறது. முதுகு வலிக்கிறது.

ஜூலை 15, சனி

பகல்காரம்மா போனார். அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். "திட்டினதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். பதில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

ஜூலை 27, வியாழன்

எழுதாமல் விட்டால் இந்த நோட்டு பொய்யாகிவிடும்.

காலையிலிருந்து அவளுக்கு வயிற்றுப்போக்கு. மூன்று முறை விரிப்பு மாற்றினேன். நான்காவது முறை, எல்லாம் சுத்தமாக்கி முடித்த அந்த நிமிடமே மறுபடி ஆனபோது, கத்தினேன். "இன்னும் எத்தனை நாள்டி இப்படி! நானும் மனுஷன்தானே!" அவள் அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குளியலறையில் உட்கார்ந்து விரிப்பைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே பேசினேன். ஜெபம் என்று சொல்லலாமா, தெரியவில்லை. ஆண்டவரே, என்னால முடியல. சும்மா சொல்லல, நெஜமாவே முடியல. அவளைத் திட்டிட்டேன். அவ என்ன பண்ணா பாவம். உங்ககிட்டதான் கத்தணும்னு இருந்தேன் இத்தனை நாளா, அவ மாட்டிக்கிட்டா. பொறுமை எல்லாம் கேக்கல, அது எனக்கு வராது. இன்னைக்கு ஒருநாள் கூட இருங்க. நாளைக்கு மறுபடி கேக்கறேன்.

போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்பவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாட்டின் முதல் அடியைப் பாடினேன். என் குரல் எப்படி என்பதை நான் அறிவேன். இரண்டாவது அடியில், சுவரைப் பார்த்தபடியே, சுருதியைத் திருத்திக்கொண்டு சேர்ந்தாள். தாங்க முடியவில்லை போலிருக்கிறது.

மூன்றாம் சரணத்தை இப்போது நானும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

பிறகு, விரிப்புகளை உலர்த்தும்போது, உள்ளே பார்த்தேன். அது இருந்தது. ஜூலை ஆறாம் தேதி வந்தது, அதே இடத்தில், அதே அளவில். அசதியும் இருந்தது. இரண்டும் ஒரே சமையலறையில் மாமியாரும் மருமகளும் மாதிரி முறைத்துக்கொண்டு, ஆனால் வீட்டை விட்டுப் போகாமல். எனக்குக் கிடைத்திருப்பது என்ன என்று இன்றுதான் நிச்சயமாயிற்று. நல்ல நாளில் வந்ததை நான் எப்படி நம்புவேன்? இது கெட்ட நாளில் நின்றது. என் கையால் வந்ததல்ல, அதனால்தான் என் கையால் கெடவில்லை.

இரண்டாவது முறை. இன்னும் எட்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 3, வியாழன்

மூன்று. விவரம் வேண்டாம். தலையணையும் மருந்தும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

மகள் இரண்டு நாள் வந்திருந்தாள். வேவு பார்க்கத்தான். சுவரில் ஒட்டிய தாளைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள், தன் அம்மாவின் கோணல் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், மறுபடி முன்போலவே ஒட்டினாள். ஊசியக்காவிடம் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை. பிறகு அம்மாவோடு உட்கார்ந்து ஏழு பாட்டு.

கிளம்பும்போது ஆட்டோவில் ஏறிக்கொண்டே சொன்னாள்: "அப்பா, பெட்ஷீட் இன்னும் நாலு வாங்குங்க. பத்தாது."

ஒப்புதல் கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

சக்கர நாற்காலியில் அவளை ஆலயத்துக்கு அழைத்துப் போக முடியுமா என்று டாக்டரைக் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் உட்காரலாம் என்றார். போதகரிடம் பிரசங்கத்தைச் சுருக்கச் சொல்ல வேண்டும். இதற்காகவே இத்தனை வருடம் ஜெபித்திருக்கிறேன் என்று தச்சர் சொன்னார்.

ஆலயத்தில் பெஞ்சுகளுக்கு நடுவே நாற்காலியை நிறுத்தினால் வழி அடைபடும். தச்சர் பெஞ்சைச் சுற்றி வந்து, குனிந்து, காதில் இருந்த பென்சிலை எடுத்தார்.

"நீங்க எங்க உட்காருவீங்க சார்?"

"இங்கேயேதான்" என்றேன்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

அசதி. அவளுக்கு உடை மாட்டிவிட ஒரு மணி நேரம். படிக்கட்டில் நாலு பேர் நாற்காலியைத் தூக்கினோம். வாசலுக்குள் நுழைந்ததிலிருந்து எவரும் தலையைச் சாய்க்கவில்லை. அவள் சாய்க்க விடவில்லை, முதல் பாட்டுக்கு முன்பே நாற்காலிக் கம்பியைத் தட்டத் தொடங்கிவிட்டாள்.

"கையத் தூக்குங்க" என்றார் போதகர். அவள் இடது கையைத் தூக்கினாள். நான் தூக்கவில்லை, என் கை அவள் நாற்காலியைப் பிடித்திருந்தது. ஆனால் கேள்விக்கு என் பதில் ஆம் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

கடைசி பெஞ்சின் இடது ஓரத்தில் இரண்டரை அடி அறுத்து எடுக்கப்பட்டிருக்கிறது. அறுத்த துண்டுக்கு இரண்டு கால் வைத்து, எங்கள் வீட்டு வாசலில் போட்டிருக்கிறார்கள். வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுகிறார்கள்.